'எங்கள் பள்ளியில் ஒரு புகார்கூட வரவில்லை'

போன வாரம் மகள் படிக்கும் பள்ளியில் பெற்றோர் கூட்டம். சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு நடத்திய 'குட் டச், பேட் டச்' வகுப்பைப் பற்றித்தான் பேச்சு. பிள்ளைகள் மேடையேறி "வேண்டாம் என்போம், விலகி ஓடுவோம், பெரியவரிடம் சொல்வோம்" என்று ராகம் போட்டுச் சொன்னார்கள். அழகாகத்தான் இருந்தது, கைதட்டினோம். அப்புறம் பொறுப்பாளர் பெருமையாக ஒன்று சொன்னார்: "இந்த வகுப்பு ஆரம்பித்ததிலிருந்து ஒரு புகார்கூட வரவில்லை." அதற்கும் கைதட்டினார்கள். எனக்குக் கை எழவில்லை.

ஏதாவது நடந்தால் பிள்ளை வாய் திறந்து சொல்ல வேண்டும் என்பதற்காகத்தானே இந்த வகுப்பு? புகார் வரவில்லை என்றால் ஒன்றும் நடக்காமல் இருந்திருக்கலாம். நடந்தும் யாரும் சொல்லாமல் இருந்திருக்கலாம். இரண்டும் காகிதத்தில் பூஜ்யம்தான். அந்தப் பூஜ்யத்தை வைத்து வகுப்பு வெற்றி என்று எப்படிச் சொல்வது?

இப்படிப்பட்ட வகுப்புகளைப் பற்றி உலகம் முழுக்க நடந்த ஆய்வுகளை ஒன்றுதிரட்டி, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2015-இல் ஒரு தொகுப்பாய்வு வெளியிட்டது. 24 ஆய்வுகள், கிட்டத்தட்ட 5,800 பிள்ளைகள். இந்த வகுப்புகளால் பிள்ளைகளின் அறிவு கூடுகிறது, பாதுகாப்புத் திறனும் கூடுகிறது, ஆறு மாதம் வரை அறிவு நிற்கிறது என்று அதில் தெரிந்தது. ஆனால் பாலியல் துன்புறுத்தல் உண்மையிலேயே குறைகிறதா என்பதற்கு அந்த ஆய்வுகளில் பதில் இல்லை. என் கண்ணில் பட்டது இன்னொரு எண். வகுப்பில் உட்காராத பிள்ளைகளில் ஆயிரத்துக்கு 4 பேர் தங்களுக்கு நடந்ததை வெளியே சொன்னார்கள். உட்கார்ந்தவர்களில் 14 பேர். இது மூன்று ஆய்வுகளிலிருந்து மட்டும் வந்த கணக்கு. பிள்ளைகளைத் தனித்தனியாக இல்லாமல் வகுப்பு வகுப்பாகப் பிரித்துச் சோதித்ததைக் கணக்கில் எடுத்தால், இந்த வித்தியாசத்தை அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது என்று ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். சரி, உறுதி குறைவுதான். ஆனால் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்றாவது அது காட்டுகிறது: நல்ல வகுப்பு நடந்தால் வெளியே வரும் விஷயங்கள் கூடத்தான் செய்யும். முதல் வருடம் இரண்டு பிள்ளைகள் வந்து ஏதோ சொன்னார்கள் என்றால் அந்தப் பள்ளியைத்தான் நான் நம்புவேன். நடைமுறையில் அந்தப் பள்ளிக்குத்தான் கெட்ட பெயர் வருகிறது.

அடுத்தது அந்த ராகம். வீட்டுக்கு வந்ததும் மகளிடம், "யாராவது தொடக் கூடாத இடத்தில் தொட்டால் என்ன செய்வாய்?" என்று கேட்டேன். மூன்றையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். கொஞ்சம் மாற்றிக் கேட்டேன்: "உனக்கு ரொம்பப் பிடித்த ஒரு மாமா, இது நமக்குள் ரகசியம், அம்மாவிடம் சொல்லாதே என்று சொன்னால்?" யோசித்தாள். "மாமா நல்லவர்தானே, அது பேட் டச் இல்லையே" என்றாள். ஆறு வயதுப் பிள்ளை வேறெப்படிச் சொல்லும்?

'நல்ல தொடுகை, கெட்ட தொடுகை' என்ற பிரிப்பிலேயே கோளாறு இருக்கிறது. தொடுகை எப்படி உணரப்படுகிறது என்பதை வைத்துச் சின்னப் பிள்ளையை முடிவெடுக்கச் சொல்கிறது அது. ஊசி வலிக்கும், ஆனால் தப்பில்லை. தப்பான தொடுகை கூச்சம் காட்டலாம், சிரிப்புகூட வரவைக்கலாம். தவறு செய்பவர் பெரும்பாலும் பிள்ளைக்குத் தெரிந்தவர், நம்பிக்கையைச் சம்பாதித்தவர். உடம்பின் அந்தரங்கப் பகுதிகள் எவை, அவற்றின் சரியான பெயர் என்ன, சுத்தம் செய்வதற்கும் மருத்துவத்துக்கும் தவிர வேறு யாரும் தொடக் கூடாது என்று நேரடி விதியாகச் சொன்னால் மழலையர் வகுப்புப் பிள்ளைகளுக்கே நன்றாகப் பிடிபடுகிறது. சாண்டி வர்ட்டெல் என்ற உளவியலாளர் இதைப் பல ஆய்வுகளில் காட்டியிருக்கிறார்.

ஒப்பிப்பதற்கும் செய்வதற்கும் எவ்வளவு தூரம் என்பதற்கு வேறொரு துறையிலிருந்து சாட்சி இருக்கிறது. கீழே கிடக்கும் துப்பாக்கியைத் தொடாதே, விலகிப் போ, பெரியவரிடம் சொல் என்று அமெரிக்காவில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். கேட்க நம் பாட்டு மாதிரியே இருக்கிறதா? ரேமண்ட் மில்டன்பெர்கர் என்ற உளவியலாளரின் குழுவினர் 2004-இல் 4, 5 வயதுப் பிள்ளைகளை வைத்து இதைச் சோதித்தார்கள். பிள்ளைகள் விதியைச் சரியாகச் சொன்னார்கள். ஆனால் சோதனை என்று தெரியாத நேரத்தில், சுடாத துப்பாக்கி ஒன்றைக் கண்ணில் படும்படி வைத்துப் பார்த்தபோது, சொன்னதைச் செய்யவில்லை. தவறிய அந்த இடத்திலேயே ஒருவர் வந்து மறுபடி மறுபடி செய்துகாட்டச் சொல்லிப் பழக்கிய பிறகுதான் பலர் மாறினார்கள்.

நம் விஷயத்தில் அப்படிப் பொறி வைத்துப் பார்க்க முடியாது, பார்க்கவும் கூடாது. ஆனால் கதை சொல்லி, "நீயாக இருந்தால் யாரிடம் போவாய், என்ன வார்த்தை சொல்வாய்?" என்று கேட்கலாம், நடித்துக் காட்டச் சொல்லலாம். நடுவில் தப்பே இல்லாத தொடுகை வரும் கதை ஒன்றும் இருக்க வேண்டும். டாக்டர் பரிசோதிப்பதையும் பிள்ளை 'தப்பு' என்றால் பாடம் பயத்தை மட்டும்தான் கொடுத்திருக்கிறது. டேவிஸ், கிடிச் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இந்த வகுப்புகளைப் பற்றி 2000-இல் வெளியிட்ட தொகுப்பாய்வில், மூன்றுக்கு மேல் அமர்வுகளும் பிள்ளைகளே பங்கெடுக்கும் பயிற்சியும் இருந்த திட்டங்கள்தான் நன்றாக வேலை செய்தன. எங்கள் பள்ளியில் நடந்தது நாற்பது நிமிடம், ஒரே ஒரு நாள். அன்றே கேள்வித்தாளைக் கொடுத்து, அன்றே திருத்தி, முழு மதிப்பெண் என்று அறிவித்தார்கள். வகுப்புக்கு முன்னால் பிள்ளைகளுக்கு என்ன தெரியும் என்று யாரும் கேட்கவே இல்லை.

"இதெல்லாம் பேசினால் பிள்ளை பயந்துவிடும்" என்று பக்கத்தில் இருந்த ஒருவர் சொன்னார். காக்ரேன் தொகுப்பில் இந்த வகுப்புகளால் பிள்ளைகளுக்குப் பயமோ பதற்றமோ கூடியதற்கு ஆதாரம் இல்லை. பதற்றம் நமக்குத்தான்.

கூட்டத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "நாளைக் காலை ஒரு பிள்ளை வகுப்பு ஆசிரியையிடம் வந்து சொல்கிறது. அவர் அடுத்து யாரிடம் போவார்?" பொறுப்பாளர் சிரித்துக்கொண்டே, "அப்படியெல்லாம் இங்கே நடக்காதுங்க" என்றார். பேச்சு அடுத்த மாத விளையாட்டு விழாவுக்குப் போய்விட்டது.

வெளியே வரும்போது ஓர் ஆசிரியை பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "நீங்க கேட்டதுக்கு எனக்கும் பதில் தெரியாது. எங்களுக்கு யாரும் சொல்லித் தரலை."