ஓரமா போ, ஓரமா போன்னு கத்துறீங்களே, அந்த ஓரத்துல என்ன கிடக்குன்னு பாத்திருக்கீங்களா?

சென்னையில சைக்கிள் ஓட்டுறவனுக்கு ஊரே கூடி நடத்துற ஒரே பாடம் "ஓரமா போ". ஆட்டோ அண்ணன் வாயால சொல்வார். கார்க்காரர் ஹாரன்ல சொல்வார். பைக்ல வர்ற தம்பி "வூட்ல சொல்ட்டு வந்துட்டியா"ன்னு கேட்டுட்டுப் போவான். சரி, ஓரமாவே போறோம். அங்க என்ன இருக்கு?

ரோட்ட நடுவுல மேடாவும் ரெண்டு பக்கமும் சரிவாவும் போடுறது மழைத்தண்ணி வடியறதுக்கு. தண்ணி மட்டுமா வடியுது? மண்ணு, ஜல்லி, ஆணி, பீர் பாட்டில் சில்லு எல்லாம் அந்தச் சரிவுல இறங்கி ஓரத்துக்கு வந்து சேருது. நடுவுல இருக்கிற குப்பைய வண்டி டயருங்களே தினமும் தள்ளித் தள்ளிச் சுத்தமாக்கிடும். தள்ளினது எங்க போகும்? எங்க பாதைக்குத்தான். ஓரத்தக் கூட்டலாம்னு வந்தா அங்க வரிசையா கார் நிக்குது. ஓரம்னா ரோட்டோட குப்பைத்தொட்டிங்க. அதுக்குள்ள போய் ஓட்டுன்னு சொல்றீங்க.

அதுல மகா பாவி எதுன்னா, கண்ணாடியும் இல்ல ஆணியும் இல்ல, கம்பி. லாரி ரேடியல் டயருக்குள்ள எஃகுக் கம்பி பின்னி இருக்கும். டயர் தேஞ்சு கிழியும்போது அது முடி மாதிரி உதிர்ந்து ஓரத்துல கிடக்கும். அஞ்சாறு மில்லிமீட்டர்தான் நீளம். சைக்கிள் டயர்ல ஏறினா வெளிய ஒண்ணுமே தெரியாது. உள்பக்கம் ஊசி நுனி அளவு நீட்டிட்டு, அழுத்தம் விழும்போது மட்டும் டியூபக் குத்தும். காலையில காத்து அடிச்சா சாயங்காலம் தொளதொளன்னு நிக்கும். கடைக்காரர் பஞ்சர் ஒட்டித் தருவார். மறுநாள் அதே இடம், அதே ஓட்டை. "டியூப் வீக்கு சார், மாத்திடுங்க"ம்பார். புது டியூபும் ரெண்டே நாள்ல அதே கதிதான், ஏன்னா கம்பி இன்னும் டயர்லயேதான் உக்காந்திருக்கு.

இதுக்கு ஒரு வழக்கம் வச்சுக்கணும். டயர மாட்டும்போதே வால்வும் டயர்ல அச்சடிச்சிருக்கிற கம்பெனி பேரும் ஒரே நேர்ல வர்ற மாதிரி மாட்டுங்க. பஞ்சர் ஆனா, டியூப்ல ஓட்டை வால்வுலேர்ந்து எத்தன சாண் தள்ளி இருக்கோ, டயர்லயும் அதே தூரத்துல தேடினாப் போதும். விரல விட்டுத் தடவாதீங்க, கிழிச்சிடும். பஞ்ச உருட்டி டயருக்குள்ள சுத்தித் தேய்ங்க, கம்பி இருக்கிற இடத்துல நூல் மாட்டிக்கும். நகவெட்டியாலயோ புருவம் எடுக்கிற ட்வீசராலயோ பிடுங்கி எடுங்க. எடுத்த கம்பிய ரோட்லயே போட்டுடாதீங்க, புண்ணியமாப் போகும்.

ஓட்டைய வச்சே காரணத்தையும் சொல்லிடலாம். டியூபோட வெளிப்பக்கம் ஒத்த ஓட்டைன்னா முள்ளு, கம்பி, கண்ணாடி. ஒரு விரல் இடைவெளியில ஜோடியா ரெண்டு கீறல்னா அது பாம்புக்கடி: காத்து கம்மியா இருக்கும்போது பள்ளத்து விளிம்புல இடிச்சு, ரிம் ரெண்டு பக்கமும் டியூப நசுக்கினது. உள்பக்கம் ஓட்டைன்னா, ரிம்ல ஸ்போக் தலைய மூடியிருக்கிற டேப் நகந்து அந்தத் தலை குத்துது. மூணுக்கும் வைத்தியம் வேற வேற. கடையில மூணுக்கும் ஒரே ஒட்டு.

அந்த ஒட்டாவது ஒழுங்கா ஒட்டுறாங்களா? உப்புத்தாள் வச்சு டியூபோட பளபளப்புப் போறவரைக்கும் தேய்க்கணும், ஒட்டப்போற துண்டவிடக் கொஞ்சம் அகலமா. சொல்யூஷன மெல்லிசாத் தடவி அஞ்சு நிமிஷம் காயவிடணும். விரல் வச்சா ஒட்டக்கூடாது, அப்பத்தான் துண்ட வச்சு அழுத்தணும். இங்க ஈரமா இருக்கும்போதே பொத்துன்னு வச்சு ரெண்டு தட்டு தட்டுறாங்க. அப்புறம் ஸ்க்ரூடிரைவரால டயர நெம்பி மாட்டும்போது டியூப்ல இன்னொரு ஓட்டை, அதுக்குத் தனிக் காசு. ஒரு ஜோடி பிளாஸ்டிக் நெம்புகோல் வாங்கி வச்சா என்னய்யா குறைஞ்சிடும்? மெல்லிசு மூக்கு பிரெஸ்டா வால்வுன்னா இன்னும் மோசம், "இது நம்மகிட்ட ஆவாது சார்"னு கைய விரிச்சிடுவாங்க. குண்டூசி அளவு சமாச்சாரம்தான், ஒரு பித்தளை அடாப்டர் பையில கிடந்தா அதே பைப்புல காத்து ஏறும். ஆனா பெட்ரோல் பங்குல கண்ண மூடிட்டு அமுக்காதீங்க. சைக்கிள் டியூப் கொள்ற காத்து கொஞ்சம், நொடியில டப்புன்னு போயிடும்.

கம்பிக்குத் தப்பிச்சா மூடி. பழைய ரோட்டச் சுரண்டாம மேல மேல தார் கொட்டினதுல சாக்கடை மூடியெல்லாம் கிணறு மாதிரி உள்ள போயிருக்கு. சில இடத்துல விளிம்பு ரெண்டு மூணு அங்குலம். சைக்கிள் சாயாம நிக்கிறதே, நமக்குத் தெரியாமலே ஹேண்டில இப்படியும் அப்படியும் திருப்பித் திருப்பி, சாயற பக்கம் சக்கரத்தக் கொண்டுபோறதாலதான். முன்சக்கரம் ஒரு விளிம்ப ஒட்டியே ஓடினா அந்தத் திருப்பல் நடக்காது. வேகம் பத்து கிலோமீட்டர்தான்னாலும் ஆள் கீழதான். அதனால விளிம்ப முடிஞ்சவரைக்கும் குறுக்கா, நேரா ஏறிக் கடக்கணும். மழைநீர் வடிகால் கம்பிச் சட்டம் நாம போற திசையிலயே நீளவாக்குல பதிச்சிருந்தா 25 மில்லிமீட்டர் டயர் அப்படியே உள்ள இறங்கும். மெட்ரோ வேலை நடக்கிற இடத்துல போட்டிருக்கிற இரும்புத் தகடு நனைஞ்சிருந்தா பிரேக் பிடிக்காதீங்க, திரும்பாதீங்க, மிதிக்கவும் வேணாம். நேரா உருண்டு போயிடுங்க.

அப்புறம் கார் கதவு. முழுசாத் திறந்தா ஒரு மீட்டர் வரும். அதுக்கு இந்தப் பக்கம் போனா கதவு, அந்தப் பக்கம் போனா "ஓரமா போ"! நிறுத்தின காரைத் தாண்டும்போது ஒரு மீட்டருக்குக் குறையாம விலகிப் போங்க, பின்னாடி எவன் ஹாரன் அடிச்சாலும். பஸ் ஸ்டாப்ப நெருங்குற பஸ்ஸுக்கு இடது பக்கமா மட்டும் நுழையவே நுழையாதீங்க.

ஞாயித்துக்கிழமை இதையெல்லாம் மறந்துட்டு தையூர், சிறுசேரி பக்கம் ஏரிக்கரை, மண்பாதைன்னு போனா அங்கயும் ஓரம் விடாது. சீமைக்கருவேலத்த வெட்டி விறகுக்கு எடுத்துட்டு, முள்ளுக்கிளைய ஓரத்துல தள்ளி வச்சிருப்பாங்க. தடத்துக்கு நடுவுலயே போங்க, எதிர்ல யாராவது வந்தா இறங்கி நில்லுங்க. முள்ளு ஏறியும் காத்து நிக்குதுன்னா அங்கயே பிடுங்காதீங்க, ஓட்டைய இப்ப அடைச்சிட்டிருக்கிற தக்கையே அதுதான். ரோடு வரைக்கும் வந்துட்டுப் பாத்துக்கலாம். நெருஞ்சி அப்படியில்ல, ஒரே சுத்துல பத்து குத்தும், ஒட்டி மாளாது. வால்வோட உள்மூக்கக் கழட்ட முடியும்னா டியூபுக்குள்ள 60 மில்லி சீலன்ட் (ஓட்டைய உள்ளேர்ந்தே அடைக்கிற பால்) ஊத்தி வைங்க. நம்ம ஊர் வெயில்ல ரெண்டு மூணு மாசத்துல காஞ்சு ரப்பர் உருண்டையாயிடும், திரும்ப ஊத்தணும்.

இன்னொண்ணு. மண்பாதைக்குன்னு 2.1 அங்குல டயர்ல காத்தழுத்தத்த 25 பி.எஸ்.ஐ.க்கு இறக்குவீங்க, சரி. திரும்பி ஓ.எம்.ஆர். தார் ரோட்டுல ஏறும்போது 35க்கு ஏத்த மறந்துடுவீங்க. சர்வீஸ் ரோட்டு முதல் பள்ளத்துலயே பாம்புக்கடி. தினம் ஆபீஸ் போற 35 மில்லிமீட்டர் டயர்னா 50லேர்ந்து 60, வாரம் ஒரு தரம் கேஜ் வச்சுப் பாருங்க. கட்டை விரலால அமுக்கிப் பாக்குறதெல்லாம் கணக்குல வராது.

2014லயே சென்னை மாநகராட்சி நடந்து போறவங்க, சைக்கிள்ல போறவங்களுக்குன்னு ஒரு கொள்கை போட்டுச்சு. போக்குவரத்து பட்ஜெட்ல குறைஞ்சது 60 சதவீதம் இதுக்குன்னு எழுத்துலயே இருக்கு. தனிப்பாதை வர்றப்ப வரட்டும். அதுவரைக்கும் ரோட்டு விளிம்புலேர்ந்து ஒரு மீட்டர் உள்ள தள்ளித்தான் ஓட்டுவோம். பின்னாடி வர்ற கார்க்காரரே, பத்து செகண்ட் பொறுங்க. அதுக்கும் அவசரம்னா, நீங்க நிறுத்தி வச்சிருக்கிற இன்னொரு கார ஓரத்துலேர்ந்து எடுங்க.