அது திரைக்கதைக் கோளாறு இல்லை

ஞாயிற்றுக்கிழமை கொழும்பு வெள்ளவத்தையில் கதை எழுதுவது பற்றி நடந்த கூட்டத்துக்கு வந்திருந்தவர்களுக்கு எதைச் சொல்கிறேன் என்று தெரியும். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை.

வெண்பலகையில் ஒரு வட்டம், அதைச் சுற்றிப் பன்னிரண்டு படிகள்: நாயகன் ஊரைவிட்டுப் போய், சோதனைகளைத் தாண்டி, ஊர் திரும்பும் 'நாயகனின் பயணம்'. 'த லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்' படத்தைப் பேச்சாளர் அதற்குள் ஒவ்வொன்றாக அடுக்கினார். தீய மோதிரத்தை எரிமலையில் எறிந்து அழிக்கப் புறப்பட்ட ஃப்ரோடோ நாயகன், மந்திரவாதி காண்டால்ஃப் வழிகாட்டி, முன்பு அதே மோதிரத்தை வைத்திருந்து அதற்கு அடிமையான கொலம் வில்லன். கடைசிப் படிக்கு வந்ததும், "நாயகன் மோதிரத்தைத் தானே எறியவில்லை, ஊர் திரும்பியும் நிலைக்கவில்லை, இது திரைக்கதைக் கோளாறு" என்றார். நான் கையை உயர்த்தினேன். "தங்கச்சி, நேரமில்லை" என்றார். அதன் பிறகு அரை மணித்தியாலம் அவரே கதைத்தார்.

கோளாறு இல்லை. அந்தப் படத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது.

இந்த வட்டத்துக்கு மூலமான புராண ஆய்வாளர் கேம்பலின் பெயரை வாய்க்கு வாய் சொன்னார். ஜோசப் கேம்பல் 1949இல் எழுதியது பதினேழு கட்டங்கள். அதைப் பன்னிரண்டாகச் சுருக்கியவர் ஹொலிவூட்டில் வேலை செய்த கிறிஸ்டோபர் வோக்லர். சுருக்கியதில் தனிக் கட்டமாக இல்லாமல் போனவற்றில் ஒன்று, திரும்பி வர மறுத்தல். திரும்புவதுதான் கஷ்டம் என்று கேம்பலுக்கே தெரிந்திருக்கிறது.

தொல்படிமமும், அதாவது எல்லா மனித மனங்களிலும் பொதுவாக இருக்கும் ஆதி உருவமும், அப்படித்தான். உளவியலாளர் யுங் சொன்ன 'நிழல்' என்ற தொல்படிமம் வில்லன் வேடம் இல்லை. நமக்குள்ளேயே இருந்தும் நாம் பார்க்க மறுப்பது. கொலமைப் பார்க்கும்போதெல்லாம் ஃப்ரோடோ தன்னைத்தான் பார்க்கிறான். எரிமலை விளிம்பில், மோதிரம் என்னுடையது என்று சொல்லும் கணத்தில் இருவரும் ஒருவராகிவிடுகிறார்கள். அந்த விரலைக் கடித்துத் துண்டாக்குவதும் கொலம்தான். இதை எந்தப் படியில் வைப்பது?

கதை எழுதப் பழகுகிறவர்களுக்கு ஒரு சட்டகம் வேண்டாமா என்பீர்கள். வேண்டும். 1977இல் 'ஸ்டார் வோர்ஸ்' எடுத்தவரும் கேம்பலைப் படித்தவர்தான். அதற்காகத் தொப்பி அளவில்லை என்று தலையைச் செதுக்கலாமா?

ஒரு மாயாஜாலப் படத்துக்கு இவ்வளவு கோபமா என்பவர்களுக்கு: ஆம்.

அப்பா 1995 ஒக்ரோபரில், யுத்த இடப்பெயர்வில், யாழ்ப்பாணத்து வீட்டைப் பூட்டிவிட்டுச் சாவியோடு வெளிக்கிட்டவர். 2002இல் யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 பாதை திறந்ததும் அதே சாவியோடு போனார். சுவர் நின்றது, கதவும் இல்லை, நிலையும் இல்லை. ஒரு மாதம் நிற்கப் போனவர் நாலாம் நாள் வெள்ளவத்தைக்குத் திரும்பிவிட்டார். ஏன் என்று இன்றுவரை சொன்னதில்லை. சாவி கலண்டர் ஆணியில் தொங்குகிறது.

இந்தப் படத்தின் மூன்றாம் பாகத்தை வீட்டில் சீடியில் போட்டபோது அப்பா பாதியில் வந்து உட்கார்ந்தார். கடைசியில் ஃப்ரோடோவும் மூன்று நண்பர்களுமாக நாலு பேரும் ஊர் திரும்பித் தவறணையில் இருப்பார்கள். உலகத்தையே காப்பாற்றிவிட்டு வந்தவர்களை ஒருவரும் பார்க்கவில்லை. ஊர்ச்சனத்துக்கு ஒரு பெரிய பூசணிக்காய்தான் அதிசயம். நாலு பேரும் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள், பேச்சில்லை. அப்பா சொன்னார்: "இவன் இனி இஞ்ச இருக்கமாட்டான்." ஃப்ரோடோ ஊரைவிட்டுக் கப்பலேறும் காட்சி வர இன்னும் நேரம் இருந்தது.

வெள்ளைக்காரன் கதையை எங்கட துயரத்தோடு ஒட்டாதே என்றும் சிலர் வருவீர்கள். மூலக்கதையை எழுதிய டோல்கியன் 1916இல், முதலாம் உலகப் போரில், சொம் போர்க்களத்தில் நின்றவர். திரும்பி வருவது என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாதா? திரும்பவும் சொல்கிறேன், கோளாறு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அப்பா என் பக்கத்துக் கதிரையில்தான் இருந்தார். ஊர் திரும்பியும் நிலைக்காததைக் கோளாறு என்று மேடையில் சொன்னபோது நான் வெண்பலகையைப் பார்க்கவில்லை. அவருடைய கையைப் பார்த்தேன். குடைப்பிடியைத் திருகிக்கொண்டே இருந்தது.

காலி வீதியால் நடந்து வரும்போது கேட்டார்: "அந்தத் தம்பி படத்தைக் கடைசிமட்டும் பார்த்தவரோ?"