ப்ளஸ் ஒன் பிள்ளைகளுக்கு முதலில் எந்த நாவல்?

கோடை லீவுக்கு ஒரு நாவலைக் கையில் திணித்து, "ஜூன்ல படிச்சிட்டு வா" என்று அனுப்பும் வழக்கத்தைப் பள்ளிகள் விட வேண்டும். பள்ளி திறப்பதற்கு முந்தின ராத்திரி யூடியூபில் பத்து நிமிடம் கதை கேட்டுவிட்டு வந்து நிற்பார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. நாம் கேட்கப்போவதும் 'கதைச் சுருக்கம் எழுதுக'தானே!

மதுரைப் பக்கம் தமிழில் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு வருடத்துக்கு இரண்டு நாவல் போதும். இரண்டும் வத்தலகுண்டுக்காரர்கள் எழுதியவை: சி.சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்' (1959), பி.ஆர். ராஜமய்யரின் 'கமலாம்பாள் சரித்திரம்' (1893 முதல் 1895 வரை விவேக சிந்தாமணி இதழில் தொடராக வந்தது). காலவரிசை பார்த்துக் கமலாம்பாளை முதலில் கொடுத்தால் மூன்றாம் அத்தியாயத்தில் புத்தகத்தை மூடிவிடுவார்கள். வாடிவாசல்தான் முதலில்.

அது ஜல்லிக்கட்டுக் கதை; நூறு பக்கம்கூட வராது. நான்கு பீரியடில் வகுப்பிலேயே வாசித்துவிடலாம், உரையாடலை ஆள் பிரித்துச் சத்தமாக. அதற்கு முன் போர்டில் ஒரு படம் போடுங்கள்: காளை வெளியே வரும் திட்டிவாசல் எங்கே, மாடு அணைய வந்த பிச்சி நிற்பது எங்கே, காளையின் சொந்தக்காரரான ஜமீன்தார் உட்கார்ந்திருப்பது எங்கே. ஜல்லிக்கட்டு பார்த்து வளர்ந்த பாலமேட்டுப் பிள்ளைக்கு இது வேண்டாம். டவுன் பிள்ளைக்கு இல்லாவிட்டால் ஒன்றும் பிடிபடாது. யார் எங்கே நிற்கிறார் என்பதில்தான் கதையின் பதற்றமே இருக்கிறது. பிறகு ஒரே கேள்வி: பிச்சி மோதுவது காரி என்கிற காளையோடா, ஜமீன்தாரோடா, அந்தக் காளையால் வந்த அப்பாவின் சாவோடா? நாவலிலிருந்து மூன்று வரி காட்டிப் பதில் எழுதணும். இதற்கு யூடியூபில் விடை கிடைக்காது.

கமலாம்பாளை வாரம் இரண்டு அத்தியாயம், தொடர்கதை மாதிரியே கொடுங்கள். தடுக்குவது கதையல்ல, வடசொல்லும் அக்கிரகாரப் பேச்சும். அந்தந்த வாரத்துக்குப் பத்துச் சொல் பொருளோடு முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால் போதும். தமிழ் வாத்தியார் ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை வரும் இடங்களை வகுப்பில் வாசித்தால் சிரிப்பு தானாக வரும். (தமிழாசிரியர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.) பிற்பாதியில் வேதாந்தம் ஏற ஏற வேகம் குறையும். அங்கே பக்கம் பக்கமாக இழுக்காமல், இந்தப் பகுதி நாவலுக்குத் தேவையா என்று விவாதிக்க விடுங்கள். காரணத்தோடு 'தேவையில்லை' என்கிற பிள்ளைக்கும் முழு மார்க். இந்த நாவலைத் தொடங்கியபோது ராஜமய்யருக்கு வயது இருபத்தொன்றுதான், 26 வயதில் இறந்துபோனார் என்பதையும் சொல்லுங்கள்.

சு. வெங்கடேசனின் 'காவல் கோட்டம்' நாவலா? ஆயிரம் பக்கம் சாமி. பொதுத்தேர்வு முடியட்டும்.

பிரதிக்கு அலைய வேண்டாம். கமலாம்பாளுக்குக் காப்புரிமை முடிந்து வெகுகாலம் ஆகிறது. இணையத்திலிருந்து எடுத்து அச்சிட்டுக்கொள்ளலாம். வாடிவாசல் பத்துப் பிரதி வாங்கினால் நாற்பது பேர் வகுப்புக்கு நாலு பேருக்கு ஒன்று.