மலையகத்துப் பழமரங்களையும் பயிராக மதியுங்கள்

இலங்கை மலையகத்தில் விவசாயம் என்று பேச்செடுத்தால் முதலில் தேயிலை வரும். அப்புறம் கரட், லீக்ஸ், உருளைக்கிழங்கு. பழத்தைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. பண்டாரவளை, வெலிமடை, பதுளைப் பக்கம் போனால் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் பட்டர் ஃப்ரூட் (அவகாடோ), கொய்யா, பேரி, வேலியில் கொடித்தோடை (பேஷன் ஃப்ரூட்) என்று எத்தனையோ நிற்கின்றன. ஆனால் அவை நம் கணக்கில் "சும்மா நிற்கிற மரம்"தான். எனக்கு இதில் பெரிய ஆதங்கம் உண்டு.

பட்டர் ஃப்ரூட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். "பூவெல்லாம் கொட்டிப்போச்சு, மரத்துக்குக் கண்ணு பட்டுடுச்சு" என்று சொல்லாத வீடு குறைவு. விஷயம் கண்ணில் இல்லை, பூவில் இருக்கிறது. இந்த மரத்தின் ஒவ்வொரு பூவும் இரண்டு தடவை விரியும்: முதலில் பெண்ணாக, மறுநாள் ஆணாக. விரியும் நேரத்தை வைத்து மரங்கள் ஏ, பீ என்று இரண்டு வகை. ஏ வகை மரத்தில் பூ காலையில் பெண்ணாக விரிந்து மூடிக்கொள்ளும், மறுநாள் பிற்பகல் ஆணாக விரிந்து மகரந்தம் தரும். பீ வகையில் முதல் நாள் பிற்பகல் பெண், மறுநாள் காலை ஆண். அதனால் இரண்டு வகையும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால், ஒன்று மகரந்தம் தரும் நேரத்தில் மற்றது வாங்கக் காத்திருக்கும். ஹாஸ் என்ற ரகம் ஏ வகை, ஃபுவர்ட்டே என்ற ரகம் பீ வகை. தனியாக நிற்கும் மரமும் காய்க்காமல் இருக்காது, ஆனால் துணை இருந்தால் கூடுதலாகப் பிடிக்கும். குளிரும் மூட்டமும் இந்த நேரக்கணக்கைக் குழப்பும், தேனீயும் வெளியே வராது. பூக்கிற நேரத்தில் மருந்து அடித்து அந்தத் தேனீயையும் கொன்றுவிட்டால் யாரை நோவது?

நாம் நடுவதோ பெரும்பாலும் எறிந்த கொட்டையில் முளைத்த கன்று. தாய்மரத்துப் பழத்தின் ருசி அதில் அப்படியே வரும் என்று சொல்ல முடியாது. காய்க்கவே ஆறேழு வருடம் இழுக்கும். ஒட்டுக்கன்று என்றால் மூன்று, நான்கு வருடத்தில் காய்க்கும், என்ன பழம் வரும் என்பதும் நடும்போதே தெரியும்.

அடுத்தது அறுவடை. வியாபாரி வந்து மரத்தைப் பார்த்து மொத்தமாக ஒரு விலை பேசுவார். ஆள் ஏறிக் கிளையை உலுக்குவான். காய் தொப்தொப்பென்று விழும். அதை உரச்சாக்கில் திணித்து, சாக்கின் மேல் சாக்கு அடுக்கி லொறியில் ஏற்றுவார்கள். பட்டர் ஃப்ரூட் மரத்தில் பழுக்காது, பறித்த பிறகுதான் பழுக்கும். அதனால் அடிபட்ட இடம் அன்றைக்குத் தெரியாது, வாங்கினவர் வீட்டில் வெட்டும்போதுதான் கறுப்பாகத் தெரியும். துரட்டிக் கம்பின் நுனியில் ஒரு பை கட்டி, காம்பு கொஞ்சம் விட்டுப் பறித்து, பெட்டியில் அடுக்கினாலே பாதிப் பிரச்சினை தீரும். பெரிய செலவில்லாத வேலை, ஆனால் சொல்லித்தர ஆள் வேண்டும்.

குளிர்நாட்டுப் பழங்களையும் குணம் தெரிந்துதான் நட வேண்டும். பேரி, பீச் மரங்கள் பூக்க ஒரு குளிர்காலத் தூக்கம் வேண்டும். நுவரெலியாவின் குளிர் பல ரகங்களுக்குப் போதாது. அதனால் குறைந்த குளிர் கேட்கும் ரகமாகப் பார்த்து நட வேண்டும். இந்தோனேசியாவின் பத்து (Batu) என்ற மலைப்பகுதியில், அந்தக் குளிருக்குப் பதிலாக, அறுவடை முடிந்ததும் ஆப்பிள் மரத்தின் இலைகளைக் கையால் உருவிவிட்டுப் பூக்க வைக்கிறார்கள். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் ஆப்பிள்! மரத்தின் குணம் தெரிந்தவர்கள் செய்கிற வேலை இது.

நம் நாட்டிலும் இந்த அறிவு இல்லாமல் இல்லை. கன்னொறுவையிலும் பண்டாரவளையிலும் விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையங்கள் இருக்கின்றன. அங்குள்ள அறிவு லயத்து வாசலுக்கு, தமிழில், வந்து சேர்வதில்லை என்பதுதான் என் குறை. தோட்டத்து மக்களுக்கு வீட்டோடு ஒரு துண்டுக் காணி என்று பேசுகிறோம். வீடு போக மிஞ்சும் துண்டில் மரக்கறிப் பாத்தி போட்டால் தினமும் தண்ணீரும் ஆளும் கேட்கும். காலையில் கொழுந்துக்குப் போய் மாலையில் திரும்புகிற அம்மாவுக்கு அதற்கு நேரம் ஏது? வேர் பிடித்து நின்ற இரண்டு நல்ல ஒட்டு மரங்கள் அவ்வளவு கேட்காது. தண்ணீர் தேங்காத சரிவு பட்டர் ஃப்ரூட் வேருக்கும் நல்லது, தேங்கினால்தான் வேரழுகல் வரும்.

சாதாரண தரத்தில் விவசாயமும் உணவுத் தொழில்நுட்பவியலும் படிக்கிற பிள்ளைகள் நம் தோட்டப் பாடசாலைகளில் இருக்கிறார்கள். பரீட்சைக்கு ஒட்டுதல் வகைகளைப் பாடமாக்குகிறார்கள். ஆசிரியர்மாரே, ஒரு கத்தியும் கொஞ்சம் பொலித்தீன் நாடாவும் கொடுத்து, பாடசாலைக்குப் பின்னால் முளைத்து நிற்கும் கன்றிலேயே அவர்களை ஒட்டவிடுங்கள். விவசாயப் போதனாசிரியரை ஒருநாள் கூப்பிட்டால் நல்ல தாய்மரத்துக் குச்சி எங்கே கிடைக்கும் என்று அவரே சொல்வார்.