சுற்றிக் கேட்டது

(கனடாவின் மேற்குக் கரையில், அலாஸ்காவுக்குச் சற்றுத் தெற்கே, பிரின்ஸ் ரூபர்ட். மீன்பிடி ஊர். மகள் வேலைக்குப் போய்விட்டாள். காரில் மாமனாரும் மருமகனும் மட்டும். அதாவது, பேச்சை மாற்ற ஆள் இல்லை.)

மாமா: அந்த வைப்பரைக் கொஞ்சம் நிறுத்துங்கள் மாப்பிள்ளை. கண் அதுகூடவே போய்ப் போய் வருகிறது.

மருமகன்: நிறுத்தினால் ரோடு தெரியாது மாமா.

மாமா: இப்போது தெரிகிறதாக்கும்!

மருமகன்: வருடத்துக்கு 2,500 மில்லிமீட்டர் மழை பெய்கிற ஊர். ‘வானவில் நகரம்’ என்று பெயரே உண்டு.

மாமா: வானவில்லுக்கு வெயிலும் வேண்டுமே?

மருமகன்: பாதிச் சாமான் வந்துவிட்டது மாமா. மீதியும் வரும்.

மாமா: ஆ, மாடு! அப்பாடா, ஒன்றாவது கண்ணில் பட்டது.

மருமகன்: அது குப்பைத் தொட்டி. இந்த இடம் கௌ பே, அதாவது மாட்டு விரிகுடா. அதனால் தொட்டிக்கும் கறுப்பு வெள்ளைத் திட்டு அடித்திருக்கிறார்கள். ஊர் உருவான புதிதில் பால்மாடுகளைக் கப்பலில் கொண்டுவந்தார்களாம். இறக்கத் துறை இல்லை. தண்ணீரில் இறக்கிக் கரைக்கு நீந்த விட்டார்கள்.

மாமா: பாவம். அதுகளிடமும் ‘சும்மா ஒரு சுற்று போய் வரலாம்’ என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

மருமகன்: (அவசரமாக) இதோ, நகரமன்றம். அந்தச் சிலை சார்ல்ஸ் ஹேஸ். ரயில்வே தலைவர். ரயில் பாதை இங்கே வந்து முடிந்து, இது பெரிய துறைமுகமாக வேண்டும் என்று கனவு கண்டவர். 1912-ல் டைட்டானிக்கில் ஏறினார்.

மாமா: வந்து சேர்ந்தாரா?

மருமகன்: மாமா... டைட்டானிக்.

மாமா: ஓ. (சற்றுப் பொறுத்து) தண்ணீரில் போன மனிதரை இப்படியா நாள் முழுக்க நனைய விடுவது? தலைக்கு மேல் ஒரு தகரமாவது போடக் கூடாதா?

(போர்ட் எட்வர்ட். நார்த் பசிபிக் கேனரி.)

மருமகன்: 1889-ல் கட்டிய சால்மன் டப்பாத் தொழிற்சாலை. இப்போது மியூசியம். உள்ளே நனைய வேண்டாம்.

மாமா: (பலகை இடுக்கில் குனிந்து) கீழே என்னமோ பளபளக்கிறதே?

மருமகன்: தண்ணீர்தான். படகிலிருந்து மீனை நேரே ஏற்ற, மரக்கால் ஊன்றி மேலே கட்டியிருக்கிறார்கள்.

மாமா: சரி, கீழே ஒன்றுதான் பாக்கி இருந்தது.

மருமகன்: சீனர், ஜப்பானியர், பூர்வகுடிகள், வெள்ளையர் என்று வேலையாட்களுக்குத் தனித்தனிக் குடியிருப்பு அந்தக் காலத்தில்.

மாமா: மீனுக்கு மட்டும் ஒரே டப்பாவா?

(மாலை. 16-ம் எண் நெடுஞ்சாலை.)

மருமகன்: வலது பக்கம் ஸ்கீனா ஆறு. கடல் ஏற்றம் இதற்குள்ளேயே வரும். அக்கரையில் பனிமலை, அருவிகள்...

மாமா: எல்லாம் நீங்கள் சொல்லித்தான் தெரிகிறது. இது சுற்றிப் பார்ப்பது இல்லை, சுற்றிக் கேட்பது. வீட்டு சோபாவிலேயே கேட்டிருப்பேனே.

(நாலு கிலோமீட்டரில் குறட்டை. அடுத்த வளைவில் மேகம் கிழிகிறது. மலை முழுசாக நிற்கிறது. வெள்ளை நூல் மாதிரி மூன்று அருவிகள். ஆற்றுக்கு மேலே வானவில். மருமகன் ஓரங்கட்டி உலுக்குகிறான். மாமா அசையவில்லை. ஒரு படம் எடுப்பதற்குள் மறுபடி மூடிக்கொண்டது.)

மாமா: (விழித்து, படத்தைப் பார்த்து) நன்றாகத்தான் இருக்கிறது. எந்த வெப்சைட்டில் எடுத்தீர்கள்?

மருமகன்: மாமா, ஓரத்தில் பாருங்கள். வாயைத் திறந்தபடி ஒரு தலை.

மாமா: (கண்ணாடியைப் போட்டு, வெகுநேரம் பார்த்து) அதை மட்டும் வெட்டிவிட்டு அத்தைக்கு அனுப்புங்கள். நான் எடுத்தேன் என்று.