முன்னால் போகும் வண்டியை மட்டும் பார்த்து நாம் ஓட்டுவதில்லை

வாகனம் ஓட்டும் மனிதரின் நடத்தையைக் கணிதத்தால் விவரிக்க முடியும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. சேலத்துச் சாலைகளை அந்தக் கணிதம் இன்னும் போதிய அளவு பார்க்கவில்லை என்பதே என் கவலை.

1950களின் இறுதியில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வாளர்கள் ஒரு காரின் பின்னே இன்னொரு காரை ஓட விட்டு அளந்தார்கள். இரண்டு கார்களின் வேக வேறுபாட்டுக்கு ஏற்பவே பின்னால் வருபவர் வேகத்தைக் கூட்டுகிறார் அல்லது குறைக்கிறார் என்றும், அதைச் சுமார் ஒன்றரை விநாடி தாமதமாகச் செய்கிறார் என்றும் கண்டார்கள். இந்தத் தாமதம் சிறியதல்ல. 2008இல் வெளியான ஜப்பானிய ஆய்வு ஒன்றில், 230 மீட்டர் வட்டப் பாதையில் 22 கார்களைச் சீராக ஓட்டச் சொன்னபோது, எந்தத் தடையும் இல்லாமலே நெரிசல் உண்டாகிப் பின்னோக்கி நகர்ந்தது. 2000இல் டிரைபர், ஹென்னெக்கே, ஹெல்பிங் ஆகியோர் உருவாக்கிய கணித மாதிரி, விரும்பும் வேகம், விடும் இடைவெளி என ஐந்தே அளவுகளைக் கொண்டு ஓட்டுநரை விவரிக்கிறது. அதன் எளிமை எனக்கு மிகவும் பிடிக்கும்.

ஆனால் இவை அனைத்தும், ஒரு தடத்தில் நமக்கு நேர் முன்னே ஒரே ஒரு வண்டி போகிறது என்று எடுத்துக்கொள்கின்றன. சேலம் ஐந்து ரோடு சந்திப்பில் மாலை வேளையில் டூவீலர் ஓட்டுபவருக்கு முன்னே இடப்பக்கம் பாதி பஸ்ஸும் வலப்பக்கம் பாதி ஷேர் ஆட்டோவும் இருக்கும். அவர் இரண்டையும் பின்தொடராமல் இடையில் உள்ள இடைவெளியைக் கணக்கிடுகிறார். இதை ஒழுங்கீனம் என்று ஒதுக்குவதை நான் ஏற்கவில்லை, ஏனெனில் அதிலும் அளக்கக்கூடிய ஒரு முறை இருக்கிறது. ஒவ்வொரு வண்டியும் எத்தனை காருக்குச் சமம் என்று மாற்றிக் கூட்டும் வழக்கம் சாலையின் கொள்ளளவைச் சொல்ல உதவும். ஓட்டுபவர் அடுத்து எந்தப் பக்கம் ஒடிப்பார் என்பதைச் சொல்லாது.

ஏற்காடு மலைப்பாதை இதைவிடக் கடினமான சோதனை. அடிவாரத்திலிருந்து ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. எதிரே வருவது தெரியாத வளைவில் கண் செய்யும் வேலையை ஹாரன் செய்கிறது. குறுகிய இடத்தில் ஏறும் வண்டிக்கே முன்னுரிமை என்பது சட்டம். பஸ் வளைவு முழுவதையும் எடுத்துத் திரும்பும்போது இறங்குபவர் முன்கூட்டியே ஒதுங்கி நிற்கிறார். இரண்டு ஓட்டுநர்கள் ஒருவரையொருவர் பார்ப்பதற்கு முன்பே முடிந்துவிடும் இந்த உடன்பாட்டை, தூரத்தையும் வேகத்தையும் மட்டும் கொண்ட சமன்பாடு எப்படிப் பிடிக்கும்? தினமும் ஏறி இறங்கும் பஸ் ஓட்டுநரையும், விடுமுறைக்குச் சமவெளியிலிருந்து வந்து இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வருபவரையும் கூட்டிச் சராசரி எடுத்தால், அந்தச் சராசரி ஓட்டுநர் மலையில் எங்கும் இருக்கமாட்டார். விபத்தைப் பற்றி அறிய நமக்குத் தேவைப்படுவது அந்த இருவருக்கும் இடையே உள்ள வேறுபாடுதான்.

ஆகவே நம் மாவட்டப் பொறியியல் கல்லூரிகளின் சிவில் துறை மாணவர்கள், சில வளைவுகளிலும் சந்திப்புகளிலும் மேலிருந்து படம்பிடித்து, ஒவ்வொரு வண்டியும் சென்ற தடத்தை விநாடிவாரியாகப் பதிய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மலையில் எடுக்கும்போது ஒலியையும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள். ஹாரன் எந்த இடத்தில் அடிக்கப்பட்டது, எத்தனை விநாடியில் எதிர் வண்டி வேகத்தைக் குறைத்தது என்பதை அதிலிருந்தே கணக்கிட முடியும்.