கருப்பட்டியும் தேனும் பல்லைக் கெடுக்காதா?

"வெள்ளைச் சர்க்கரைதான் பல்லை அரிக்கும், வெல்லம், கருப்பட்டி, தேன் எவ்வளவு சாப்பிட்டாலும் சொத்தை வராது, சர்க்கரை நோயாளிகளும் பயப்பட வேண்டாம்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. இது தவறு.

வெல்லத்திலும் கருப்பட்டியிலும் பெரும்பங்கு சுக்ரோஸ்தான், அதாவது வெள்ளைச் சர்க்கரையில் இருக்கும் அதே சர்க்கரை. தேனில் குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் என்ற சர்க்கரைகள். பல்லில் படியும் பாக்டீரியா இவை எல்லாவற்றையும் அமிலமாக்கும். அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு (குறையக் குறைய அமிலம் அதிகம்) சுமார் 5.5-க்குக் கீழே இறங்கினால் பல்லின் மேலுறையான எனாமல் கரையத் தொடங்கும். உமிழ்நீர் அந்த அளவைப் பழைய நிலைக்குக் கொண்டுவர அரை மணி நேரமாவது வேண்டும். அதனால் எவ்வளவு என்பதோடு எத்தனை முறை என்பதும் முக்கியம். சாப்பாட்டோடு ஒரு கடலை மிட்டாய் தின்பதைவிட, அதையே நாள் முழுக்கத் துண்டு துண்டாகக் கொறிப்பது மோசம். பல்லிடுக்கில் ஒட்டிக்கொள்ளும் என்பது வேறு.

உலக சுகாதார நிறுவனத்தின் 2015 வழிகாட்டுதல் அதன் இணையதளத்திலேயே இருக்கிறது. நாம் சேர்க்கும் சர்க்கரையோடு தேனையும் கணக்கில் சேர்த்து, 2000 கலோரி உண்பவருக்கு நாளுக்கு 50 கிராமுக்குக் கீழ் என்கிறது. 25 கிராமுக்குக் கீழ் இருந்தால் இன்னும் நல்லது.

நீரிழிவு உள்ளவர்களுக்கு வெல்லமும் இரத்தச் சர்க்கரையை ஏற்றும். இரத்தச் சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் ஈறு நோய் தீவிரமாகலாம். (ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் தொட்டு வைக்கவே கூடாது. அது பல்லைவிடப் பெரிய ஆபத்து.)

இரவு படுக்கும் முன்பும் இன்னொரு வேளையும் ஃப்ளூரைடு பற்பசையால் துலக்குங்கள். அந்தத் தகவல் வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.